தொலைவு ஒன்று, காலம் இரண்டு

வெளியூர் செல்லப் புறப்படுவோர் இரண்டு கேள்விகளைக் கேட்பர். "ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?" என்பது ஒன்று, "போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது மற்றொன்று. மக்கள் கால்நடையாகவே வழி சென்ற காலத்தில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் நம் முன்னோர், ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்று வழங்கினர். தொலைவைச் சொன்னால் காலம் விளங்கிற்று. காலத்தைச் சொன்னால் தொலைவு விளங்கிற்று.

விமானப் பயணம் அத்தகையதன்று. இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனுக்கும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருநகராகிய நியூயார்க்குக்கும் இடையே நாள்தோறும் பல விமானங்கள் பறக்கின்றன. அவற்றின் கால அட்டவணையைப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் செல்வதற்கு ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகிறது; நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்புவதற்கோ ஏறத்தாழ 7 மணி நேரமே போதும். நகரங்கள் அவையே, விமானமும் அதுவே, இடையில் கிடக்கும் அட்லாண்டிக் மாகடலும் அதுவே. அவ்வாறிருக்க, போவதற்கு ஒரு காலமும் வருவதற்கு ஒரு காலமும் ஆவானேன்? இதன் காரணத்தை ஆராய்ந்தால், வான்வழிப் பயணத்தின் இயல்பு முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் லண்டன் மேலேயும், நியூயார்க் அதற்குத் தென்மேற்கே சற்றுக் கீழேயும் காணப்படும். லண்டன் வட அட்சரேகை 51 பாகைக்கு மேலும், நியூயார்க் 41 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் அமைந்துள்ளன. ஆகவே, நியூயார்க் செல்லும் விமானம் தென்மேற்குத் திசையில் நேராகச் செல்லும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், காற்றில்லாத நாளில் மிகக் குறுகிய வழியைத் தேடும் விமானி, லண்டனை விட்டதும் மேற்குத் திசைக்குச் சற்று வடக்காகவே விமானத்தைச் செலுத்துவான். தெற்கே உள்ள ஊருக்குச் செல்பவன் வடக்கே திரும்புவது விந்தையன்றோ?

மாணவர்களே, உங்கள் பள்ளியிலுள்ள பூகோள உருண்டையை எடுத்து வையுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை லண்டன் மீதும், மறு முனையை நியூயார்க் மீதும் வைத்து இறுகப் பிடியுங்கள். நூல் அயர்லாந்தைக் கடந்து, கடலின் வடபகுதியில் வளைந்து, கனடாவைச் சார்ந்த நியூபவுண்ட்லாந்தின் மேலாக இறங்கி நியூயார்க்கை அடைவதைக் காண்பீர்கள். இறுகப் பிடித்த நூல் காட்டுவதே உருண்டையின் மேல் அமைந்த குறுகிய வழி. இதனைப் பெருவட்ட வழி என்பர். அதன் நீளம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். தட்டையான படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து, திசைமாறாமல் அக்கோட்டின் வழியே சென்றாலோ 200 கிலோமீட்டருக்கு மேல் வீணே சுற்ற நேரிடும். படம் தட்டை, பூமி உருண்டை. அதனால்தான் படத்தில் நேராகத் தோன்றும் வழி உண்மையில் சுற்றுவழியாகவும், வளைந்து தோன்றும் வழி குறுக்குவழியாகவும் அமைகின்றன.

இக்கடலை மக்கள் முதலில் கடந்தது பாய்க்கப்பல்களில். மேற்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பல் ஐந்து, ஆறு வாரங்கள் கடலிலே கிடப்பதுண்டு. 1838ஆம் ஆண்டில் 'கிரேட் வெஸ்டர்ன்' என்னும் நீராவிக் கப்பல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து ஏறத்தாழ 15 நாளில் நியூயார்க்கை அடைந்தது. 1952இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் பெருங்கப்பல் மூன்றரை நாளில் இம்மாகடலைக் கடந்தது. கப்பல்களின் வேகம் அதற்குமேல் பெரிதும் உயரவில்லை. ஏனெனில், அதற்கு முன்பே மனிதன் வேறொரு வழியைக் கண்டுவிட்டான்.

1919ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஆல்காக், பிரவுன் என்னும் இரு வீரர்கள் நியூபவுண்ட்லாந்தின் செயிண்ட் ஜான்ஸ் நகரிலிருந்து 'விக்கர்ஸ் விமி' என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தில் கிளம்பினர். அவர்கள் அமர்ந்த இடத்திற்குக் கூரை இல்லை. மூடுபனி வழியை மறைத்தது. பனிக்கட்டி விமானத்தின் மேல் படிந்தது. ஒரு கட்டத்தில் மேகத்தினுள்ளே மேலும் கீழும் தெரியாமல் விமானம் சுழன்று விழுந்து, அலைகளுக்குச் சற்று மேலே வந்த பிறகே நிமிர்ந்தது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடலை 16 மணி நேரத்தில் கடந்து, மறுநாட் காலை அயர்லாந்தில் கிளிஃப்டன் என்னும் ஊருக்கு அருகே இறங்கினர். பசும்புல்வெளி என்று அவர்கள் எண்ணிய இடம் சதுப்பு நிலமாயிருந்தது. விமானம் மூக்குக் குத்தி நின்றது. வீரர்கள் உயிர் தப்பினர். இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதற்பெருமை அவர்களைச் சேர்ந்தது.

அவர்கள் பறந்தது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி என்பதை இங்கே நாம் மனத்திற் கொள்ளவேண்டும். 1927 மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியே பறந்து 33½ மணி நேரத்தில் பாரிஸை அடைந்த லிண்ட்பெர்க் என்னும் அமெரிக்க இளைஞரும் கிழக்கு நோக்கியே பறந்தார். அவர் புறப்படுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர், அதாவது மே 8ஆம் நாள், நங்கெஸ்ஸர், கோலி என்னும் இரு பிரெஞ்சு விமானிகள் பாரிஸிலிருந்து நியூயார்க் நோக்கி, அதாவது மேற்கு நோக்கிப் பறந்தனர். அவர்கள் போய்ச் சேரவில்லை, திரும்பவும் இல்லை. அவர்களுக்கு நேர்ந்தது இன்னதென்று இன்றுவரை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் விமானத்திற் சென்ற முதற்பயணம் 1928 ஏப்பிரலில்தான் நிறைவேறியது. 'பிரெமன்' என்னும் விமானம், கோல், ஹியூனெஃபெல்ட் என்னும் இரு ஜெர்மானியரையும், ஃபிட்ஸ்மாரிஸ் என்னும் அயர்லாந்து வீரரையும் ஏற்றிக்கொண்டு அயர்லாந்தில் கிளம்பிற்று. நியூயார்க்கே அதன் குறிக்கோள். எதிர்க்காற்றோடும் புயலோடும் போராடி, திசை தடுமாறி, 36 மணி நேரத்திற்குப் பின் அது கனடாவின் கடலோரத்திலுள்ள கிரீன்லி என்னும் சிறு தீவில் இறங்கியது. கிழக்கே செல்லும் வழி திறந்த பின்னர், மேற்கே செல்லும் வழி திறக்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்த வழியைக் காத்து நின்ற காவலன் காற்றே.

ஆற்றில் ஓடம் விடுவோர் இதனை நன்கறிவர். நீரோட்டத்தோடு செல்லும் ஓடம் விரைந்து செல்லும்; எதிரேறும் ஓடம் மெல்லச் செல்லும். கரையில் நிற்போர்க்கே இவ்வேறுபாடு தெரியும். நீரைப் பொறுத்தவரை ஓடத்தின் வேகம் இரு பொழுதும் ஒன்றே. விமானத்திற்குக் காற்றே ஆறு. அமைதியான காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானம் ஒன்றைக் கருதுவோம். மேற்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று கொள்வோம். கிழக்கு நோக்கிச் செல்லும்போது தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் 1,000 கிலோமீட்டர். மேற்கு நோக்கிச் செல்லும்போது 800 கிலோமீட்டர். 5,550 கிலோமீட்டரைக் கடக்க முன்னதற்கு 5 மணி 33 நிமிடமும், பின்னதற்கு 6 மணி 56 நிமிடமும் ஆகும்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என்று சிலர் எண்ணக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். காற்றே இல்லாவிடில், போய்வர ஆகும் காலம் 12 மணி 20 நிமிடம். காற்று வீசினாலோ 12 மணி 29 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் பறக்கிறது. பின்காற்றிலோ சிறிது நேரமே பறக்கிறது. ஆதலின் காற்றுப் பறித்துக்கொள்வது மிகுதி. திருப்பித் தருவது குறைவு.

இக்காற்று எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டை அடுத்த பகுதிகள் மிகுந்த வெப்பத்தைப் பெறுகின்றன. துருவப் பகுதிகள் குளிர்ந்து கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டினால் உயர்ந்த வானில் காற்று துருவத்தை நோக்கி நகர முற்படுகிறது. அவ்வாறு நகரும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அதனால் 9 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, வளைந்து நெளிந்து, ஓர் ஆறு போலவே காற்று ஓடுகிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். வெப்ப வேறுபாடு மிகுந்த குளிர்காலத்தில் இதன் வேகமும் மிகும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி என்பவர் 1920ஆம் ஆண்டுகளிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இத்தகைய விரைந்த மேற்காற்று உண்டு என்பதைக் கண்டார். உலகத்தார் அனைவரும் அறியவேண்டும் என்று கருதி, எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் அதனை வெளியிட்டார். அம்மொழியைக் கற்றோர் சிலரே. ஆதலின் அவருடைய செய்தி பலருக்கு எட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்திற் பறந்த போர் விமானங்கள் இக்காற்றில் சிக்கித் தடுமாறிய பின்னரே அதன் ஆற்றலைப் பிறர் உணர்ந்தனர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே, மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி நியூயார்க் தானே வருகிறதல்லவா? அப்படியாயின் மேற்குப் பயணமன்றோ விரைவில் முடியவேண்டும்? இவ்வாறு நினைப்பது பிழை. பூமி மட்டும் சுழலவில்லை. அதனைச் சூழ்ந்துள்ள காற்றும் அதனோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் இரயிலினுள்ளே மேலே எறிந்த பந்து எறிந்தவன் கையிலேயே வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, நிலத்தைவிட்டுக் கிளம்பிய விமானமும் பூமியின் சுழற்சியில் பங்கு கொண்டே பறக்கிறது. பயணக் காலத்தில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நேரே அன்று, காற்றின் வாயிலாகவே.

காற்றின் இவ்வாற்றலை வரலாறு இருமுறை தெளிவாகக் காட்டிற்று. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் 'காமெட்' என்னும் ஜெட் விமானங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பியது, எங்கும் நில்லாமல் 6¼ மணி நேரத்திற்குள் லண்டனை அடைந்தது. லண்டனிலிருந்து கிளம்பியதோ எதிர்க்காற்றில் சென்றமையால், நியூபவுண்ட்லாந்திலுள்ள காண்டர் என்னும் நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 10 மணி நேரத்திற்கு மேலான பின்னரே நியூயார்க்கைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் அட்லாண்டிக்கின் மேல் ஒரு பெரும்புயல் எழுந்தது. அப்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'போயிங் 747' விமானம் ஒன்று காற்றோட்டத்தில் ஏறிக்கொண்டு, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு சமயம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை உயர்ந்தது. அவ்வுயரத்தில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர்தான். எனினும் விமானம் ஒலியை முந்தவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றில் அது வழக்கமான வேகத்திலேயே சென்றது. காற்று அதனைச் சுமந்துகொண்டு ஓடிற்று.

ஆகவே, வான்வழியில் அறிவுடைமையாவது குறுகிய வழியைத் தேடுவது மட்டுமன்று. குறுகிய காலத்தைத் தேடுவதே. வட அட்லாண்டிக்கின் மேல் பறக்கும் விமானங்களுக்கென்று நாள்தோறும் புதிய பாதைகள் வகுக்கப்படுகின்றன. அயர்லாந்து, ஸ்காத்லாந்து பக்கத்திலும், காண்டரிலும் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் அன்றன்றைய காற்றின் போக்கைக் கணித்து இவற்றை அமைக்கின்றனர். பகலில் மேற்கே செல்வோர்க்கு ஒரு தொகுதி. இரவில் கிழக்கே செல்வோர்க்கு மற்றொரு தொகுதி. கிழக்கே செல்பவை காற்றோட்டத்தின் நடுவே செல்லும். மேற்கே செல்பவை அதனை விலக்கிச் செல்லும். சில நாள்களில் மேற்கே செல்லும் விமானம் வடக்கே நெடுந்தொலைவு விலகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூடுதலாகப் பறப்பதும் உண்டு. வழி நீண்டாலும் காலம் குறைகிறது, எரிபொருளும் மிஞ்சுகிறது.

எரிபொருளைப் பற்றிய எண்ணம் விமானியின் நெஞ்சை விட்டு நீங்குவதே இல்லை. சாலையிற் செல்லும் வண்டி எண்ணெய் தீர்ந்தால் ஓரமாக நின்றுவிடும். கடல் நடுவே விமானம் எங்கே நிற்கும்? ஆதலின் பயணத்திற்கு வேண்டிய எரிபொருளோடு, எதிர்பாராத இடையூறுகளுக்கு ஒரு பங்கும், சேரவேண்டிய ஊரில் இறங்க இயலாவிடில் வேறோர் ஊருக்குச் செல்ல ஒரு பங்கும், அங்கே 30 நிமிடம் வட்டமிட ஒரு பங்கும் நிரப்பிக்கொண்டே புறப்படவேண்டும் என்பது விதி. மிகையாக நிரப்பினால் வருவது என்ன என்று கேட்கலாம். எரிபொருளும் சுமையே; அச்சுமையைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும். குறைந்தால் உயிருக்கு இடர். மிகுந்தால் பொருளுக்குக் கேடு. இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து நிறுத்துவதே விமானியின் கடமை.

வழியில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் எங்கே இறங்குவது என்பதையும் முன்பே வகுத்துக்கொள்கின்றனர். நியூபவுண்ட்லாந்தின் காண்டர், ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், அயர்லாந்தின் ஷானன், அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் ஆகிய நிலையங்கள் இக்கடற்பயணிகளுக்குக் கைகொடுக்கும் துறைகள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், கனடாவின் டொராண்டோவிலிருந்து போர்ச்சுக்கலின் லிஸ்பனுக்குச் சென்ற விமானம் ஒன்றில் எரிபொருள் கசிந்து, கடல் நடுவே இரண்டு எஞ்சின்களும் ஓய்ந்துவிட்டன. விமானிகள் எஞ்சின் இன்றியே ஏறத்தாழ 19 நிமிடம் விமானத்தை மிதக்கவிட்டு, லாஜெஸ் நிலையத்தில் இறக்கினர். விமானத்திலிருந்த 306 பேரும் பிழைத்தனர். கால அட்டவணையில் அத்தீவுக்கு இடமில்லை. பயணிகளிற் பலர் அதன் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள். எனினும் அன்று அவர்களுடைய உயிர் அத்தீவிலே இருந்தது.

இனி, கடிகாரம் செய்யும் விந்தையையும் காண்போம். பெரும்பாலும் லண்டன் கடிகாரம் நியூயார்க் கடிகாரத்தைவிட 5 மணி முன்னதாகவே ஓடும். காலை 10 மணிக்கு லண்டனை விட்டு 8 மணி நேரம் பறந்தவர், நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே பிற்பகல் 1 மணியே ஆகியிருக்கும். இரவு 9 மணிக்கு நியூயார்க்கை விட்டு 7 மணி நேரம் பறந்தவர், லண்டனில் இறங்கும்போது மறுநாட் காலை 9 மணி ஆகியிருக்கும். முன்னவர் 3 மணி நேரமே பயணம் செய்தார் என்றும், பின்னவர் 12 மணி நேரம் பயணம் செய்தார் என்றும் கடிகாரம் கூறும். எனவே, இரண்டு ஊர்களின் கடிகாரங்களைக் கொண்டு பயண நேரத்தைக் கணிப்பவர், நேர வேறுபாட்டைக் கழிக்க மறத்தலாகாது.

இக்கடிகாரத்தையும் வென்ற விமானம் ஒன்று இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் கூடி உருவாக்கிய 'கான்கார்டு', ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறந்தது. 1977 நவம்பர் முதல் அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சென்றுவந்தது. ஏறத்தாழ 3½ மணி நேரமே அதற்குப் போதுமானதாயிருந்தது. லண்டனில் காலை 10½ மணிக்குப் புறப்பட்டவர் நியூயார்க்கில் அதே நாள் காலை 9 மணியளவில் இறங்கினார். புறப்பட்ட நேரத்திற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்! 1996 பிப்ரவரி 7ஆம் நாள் அது நியூயார்க்கிலிருந்து 3 மணிக்கும் குறைந்த நேரத்தில் லண்டனை அடைந்தது. ஆனால், அவ்வேகத்தின் விலை மிகுதி. அது ஏற்றிச் சென்றவர் ஏறத்தாழ நூறு பேரே. குடித்த எரிபொருளோ ஏராளம். அதன் முழக்கம் இடிபோல் அதிர்ந்தமையால், மக்கள் வாழும் நிலத்தின் மேல் அவ்வேகத்தில் அதனைச் செலுத்த நாடுகள் இசையவில்லை. 2000ஆம் ஆண்டில் பாரிஸுக்கு அருகே நேர்ந்த விபத்து அதன் புகழைக் குலைத்தது. 2003 அக்டோபரில் கான்கார்டின் பயணிகள் சேவை முடிவுற்றது. இன்று லண்டனிலிருந்து நியூயார்க் செல்வோர், 1980ஆம் ஆண்டில் கான்கார்டிற் சென்றவரைவிட இருமடங்குக்கு மேற்பட்ட நேரம் வானில் இருக்கின்றனர்.

"லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தொலைவு?" என்று கேட்டால் 5,550 கிலோமீட்டர் என்று நாம் உடனே விடை கூறலாம். அது பூமியில் எழுதப்பட்ட எண், மாறாது. "எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், எத்திசையில், எந்தப் பருவத்தில், எவ்வகை விமானத்தில் என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும். அந்த எண் காற்றில் எழுதப்பட்டது. நாள்தோறும் அழிந்து நாள்தோறும் புதிதாகத் தோன்றுவது. நங்கெஸ்ஸரும் கோலியும் அதனைப் படிக்கும் கருவிகள் இல்லாத காலத்தில் மேற்கே பறந்தனர். இன்று பலூன்களும், செயற்கைக் கோள்களும், பறக்கும் விமானங்களும் காற்றை இடைவிடாமல் அளந்து செய்தி அனுப்புகின்றன. அச்செய்தியைப் படித்து, அன்றைய வழியை வகுத்து, அதற்குரிய எரிபொருளை அளந்து நிரப்பிய பின்னரே விமானம் தரையைவிட்டு எழுகிறது. காற்றை அடக்க மனிதனால் இயலவில்லை. அதன் போக்கை அறிந்து நடக்க அவன் கற்றுக்கொண்டான். அதனாலேயே கடலைக் கடக்கிறான்.